எந்த வலியைப் பொறுப்பது, எதைச் சொல்வது

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. டைவர் பயிற்சியில் குளப் பயிற்சி தொடங்கியதும் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். எனக்கு ஆச்சரியமில்லை. போனவர்களில் உன்னைவிட வேகமாக ஓடுகிறவர்களும் இருப்பார்கள். கடற்படையில் டைவராக இருந்த காலத்தில் நானும் அப்படிச் சிலரைப் பார்த்திருக்கிறேன்.

தண்ணீருக்கடியில் பயிற்றுநர் பின்னாலிருந்து வந்து மாஸ்க்கைப் பிடுங்குவார். காற்றுக் குழாயை முறுக்கி முடிச்சுப் போடுவார், வால்வைத் திருகி மூடுவார். மூக்கில் தண்ணீர் ஏறும், நெஞ்சு அடைக்கும். அந்த நிலையில் விரல்கள் ஒவ்வொரு சிக்கலாக, சொல்லிக்கொடுத்த வரிசையிலேயே அவிழ்க்க வேண்டும். பார்க்கிறவர்களுக்கு இது கொடுமையாகத்தான் தெரியும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கப்பலின் அடியில், கும்மிருட்டில், பதறி மேலே பாய்ந்தால் தலையில் இடிப்பது இரும்புத் தகடு. திறந்த கடலிலும் ஆபத்துதான். 10 மீட்டர் ஆழத்தில் இழுத்த காற்று மேலே வருவதற்குள் இரண்டு மடங்காக விரியும். பயத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறினால் நுரையீரல் கிழிந்துவிடும்.

அதனால் மூச்சு முட்டும் தவிப்பைப் பொறுக்கப் பழகு. அந்தத் தவிப்பைக் கிளப்புவது பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவு அல்ல, உடம்பில் சேரும் கார்பன் டை ஆக்சைடு. தவிப்பு வந்த பிறகும் கொஞ்ச நேரம் கையில் இருக்கும். ஆனால் ஒரே மூச்சில் நீந்தும் பயிற்சிக்கு முன்னால் வேகவேகமாக மூச்சிழுத்துத் தயாராகும் பழக்கம் சிலருக்கு உண்டு. நீ அதைச் செய்யவே கூடாது. அது கார்பன் டை ஆக்சைடைக் குறைத்துவிடுவதால் தவிப்பு தாமதமாகும். அதற்குள் ஆக்சிஜன் தீர்ந்துபோய், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நினைவு தப்பும். எவ்வளவு நன்றாக நீந்துகிறவளாக இருந்தாலும் குளத்தில் தனியாக மூச்சடக்கிப் பழகாதே.

குளிரும் அப்படித்தான். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். நடுங்கினால் நடுங்கட்டும், உடம்பு தன் வேலையைச் செய்கிறது. கூட இருப்பவர் நடுக்கம் நின்று உளற ஆரம்பித்தால் அனுமதி கேட்டுக்கொண்டிருக்காமல் கரையேற்று.

சரி, இப்போது கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் நீ எழுதியதற்கு வருகிறேன். சளி பிடித்து ஒரு காது அடைத்திருக்கிறது, மாத்திரை போட்டுச் சமாளிக்கிறேன், யாரிடமும் சொல்லவில்லை என்கிறாய். முதல் 10 மீட்டரிலேயே அழுத்தம் இரட்டிப்பாகிவிடும். காது சமன்படாமல் இறங்கினால் செவிப்பறை கிழியலாம். மாத்திரையின் வேகம் ஆழத்தில் இருக்கும்போது தீர்ந்தால், மேலே வரும்போது உள்ளே சிக்கிய காற்று வெளியேற வழியிருக்காது.

எங்களோடு இருந்த ஒருவர் இப்படித்தான் மறைத்தார். செவிப்பறை கிழிந்து குளிர்ந்த நீர் உள்ளே போனதும் உலகமே சுழன்றதாம், மேல் எது கீழ் எது என்று தெரியவில்லையாம். நான் அவரைப் பிடித்தபோது தரையை நோக்கி நீந்திக்கொண்டிருந்தார், மேலே போகிறோம் என்ற நினைப்பில். பலசாலி, பயந்த ஆளும் இல்லை.

இன்னும் இரண்டை மறைக்காதே. கடுமையான நீச்சலுக்குப் பிறகு விடாத இருமலும், நுரையோ இரத்தமோ கலந்த சளியும் வந்தால் நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். நல்ல உடற்கட்டு உள்ளவர்களுக்கும் இது வரும். ஆழத்திலிருந்து வந்த பிறகு மூட்டு வலித்தால் சுளுக்கு என்று நீயே முடிவு கட்டாதே. ஆழத்தில் உடம்பில் கரைந்த நைட்ரஜன், வேகமாக மேலே வந்தால் குமிழியாகி வலியைக் கிளப்பும். அதைத் தவிர்த்துப் படிப்படியாக மேலேற 1908-இல் உடலியல் அறிஞர் ஹால்டேன் அட்டவணை வெளியிட்டார் (பாவம், சோதனைக்கு அகப்பட்டவை ஆடுகள்). இன்றைய அட்டவணைகள் இன்னும் திருந்தியவை. ஆனாலும் அட்டவணையை மீறாதவர்களுக்கும் நைட்ரஜன் குமிழி வருவதுண்டு.

சொன்னால் பலவீனம் என்று எழுதிவிடுவார்கள் என்ற பயம் எனக்குத் தெரியும். நான் பயிற்றுநராக இருந்தால் மறைக்கிறவரைத்தான் முதலில் அனுப்புவேன். நாளைக்கு அவருடைய துணை டைவரின் உயிரும் அந்தப் பொய்யில்தான் தொங்கும்.

காலையில் முதல் வேலையாக மருத்துவரிடம் போ. மாத்திரையின் பெயரையும் சொல். தண்ணீரில் இறங்காதே என்றால் இறங்காதே. அடுத்த தொகுதியோடு சேர்ந்துகொள்ள வழியிருக்கிறதா என்று அங்கேயே கேட்டுவிட்டு, என்ன சொன்னார்கள் என்று எழுது.

அன்புடன்,
அப்பா