படத்தைக் கீழிருந்து வரை, அம்மணி

அன்பு அம்மணிக்கு,

அப்பா எழுதுவது. உன் பிரிவின் அமைப்பைப் புதிதாக வரைந்து தரும்படி நிர்வாகம் உன்னிடம் கேட்டிருப்பதாகப் போனில் சொன்னாய். யாருக்குக் கீழே யார், எத்தனை அடுக்கு, ஒரே ஆள் இரண்டு மேலாளர்களுக்குப் பதில் சொல்லலாமா என்று அடுக்கடுக்காகக் கேட்டாய். அவசரமாக ஏதோ சொல்லி வைத்தேன். நிதானமாக எழுதினால்தான் நான் நினைப்பது முழுதாக உன்னிடம் வந்து சேரும்.

எனக்கு உள்ளும் புறமும் தெரிந்த அமைப்பு பால் கூட்டுறவுச் சங்கம் ஒன்றுதான். அதன் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். அதையே வைத்துச் சொல்கிறேன்.

கிராமத்தில் தொடக்கச் சங்கம், மாவட்டத்தில் அந்தச் சங்கங்கள் சேர்ந்த ஒன்றியம், மாநிலத்தில் ஒன்றியங்கள் சேர்ந்த இணையம் என்று மூன்று அடுக்குகள். ஒவ்வோர் அடுக்கும் ஏன் வந்தது என்று பார். இரண்டு மாடு வைத்திருப்பவர் கறந்த பாலைத் தாமே நகரத்துக்குக் கொண்டுபோய் விற்க முடியாது. சில மணி நேரத்தில் திரிந்துவிடும். அதனால் ஊருக்கு ஒரு சங்கம் சேர்ந்து பாலை வாங்கி, அளந்து, பணம் கொடுக்கிறது. அந்தச் சங்கத்தால் பாலைப் பதப்படுத்திப் பாக்கெட்டில் அடைக்க முடியாது. ஆலை கட்டும் வசதி ஒன்றியத்துக்குத்தான் உண்டு. ஒரு மாவட்டத்தில் பால் மிஞ்சும், இன்னொன்றில் பற்றாது. மிஞ்சியதைப் பற்றாத இடத்துக்கு அனுப்பவும், சென்னை போன்ற பெருநகரச் சந்தையைப் பிடிக்கவும் இணையம் வேண்டியிருக்கிறது. கீழே உள்ளவரால் முடியாத வேலை ஒன்று இருந்தது, அதனால் மேலே ஓர் அடுக்கு வந்தது. நீ வரையும் படத்திலும் ஒவ்வொரு மேலாளர் பெயருக்கு எதிரே, அவருக்குக் கீழே உள்ளவர்களால் முடியாத எந்த வேலையை அவர் செய்கிறார் என்று ஒரு வரி எழுது. எழுத வரவில்லை என்றால் அந்த அடுக்கு தேவைதானா என்று தயங்காமல் கேள்.

குஜராத்தில் இது உண்மையாகவே கீழிருந்து வளர்ந்தது. கைரா மாவட்டத்துப் பாலைப் போல்சன் என்ற தனியார் நிறுவனம் பம்பாய்க்கு வாங்கி அனுப்பிக்கொண்டிருந்தது. விலையை அதுவும் தரகர்களும் முடிவு செய்தார்கள். சர்தார் படேலின் யோசனைப்படி உழவர்கள் 15 நாள் பாலை விற்க மறுத்தார்கள். 1946 டிசம்பர் 14 அன்று அவர்களுடைய ஒன்றியம் பதிவானது. பல மாவட்ட ஒன்றியங்கள் சேர்ந்து மாநில இணையம் அமைத்ததோ 1973இல்தான். தேவை வரும்வரை மேல் அடுக்குக்கு அவர்கள் அவசரப்படவில்லை.

நம் மாநிலத்தில் வரிசை வேறு. 1958இல் அரசு பால்வளத் துறையைத் தொடங்கியது, 1972இல் பால்வளக் கழகம் வந்தது, 1981 பிப்ரவரி 1 முதல் கழகத்தின் வணிகப் பணிகள் இணையத்துக்குப் போயின. இதனால் நன்மையும் உண்டு. அரசின் கை இல்லாமல் இத்தனை ஊர்களில் சங்கம் வந்திருக்காது. ஆனால் சங்கங்களைச் சட்டப்படி மேற்பார்வை செய்யும் ஆணையரும், இணையத்தை நடத்தும் மேலாண்மை இயக்குநரும் பல ஆண்டுகள் ஒரே அதிகாரியாகவே இருந்திருக்கிறார்கள். அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் அந்த ஏற்பாடு எனக்கு ஒப்பாதது. நடத்துபவரே மேற்பார்வையாளராகவும் இருந்தால், கீழே உள்ளவன் முறையிட வேறு கதவு இல்லை.

கைராவில் இன்னொன்றைச் சரியாகச் செய்தார்கள். ஒன்றியத்தின் தலைவர் திரிபுவன்தாஸ் படேல், உழவர்கள் தேர்ந்தெடுத்தவர். 1949இல் அந்த மாவட்டத்து ஆனந்த் ஊருக்கு வந்த வர்கீஸ் குரியன் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட பொறியாளர். சென்னை லயோலாவிலும் கிண்டியிலும் படித்தவர். என்ன வேண்டும் என்பதை உரிமையாளர்கள் சொன்னார்கள். எப்படிச் செய்வது என்பதைத் தொழில் தெரிந்தவரிடம் விட்டார்கள். தலைவர் ஆலைக்குள் போய் இயந்திரத்தைத் திருகவில்லை. குரியனும் தம்மை உழவர்களின் ஊழியர் என்றே கடைசிவரை சொல்லிக்கொண்டார். இருவரும் எல்லை தாண்டாததால்தான் அவ்வளவு பெரிய வேலை நடந்தது.

இனி நம் ஊர்ச் சங்கத்துக்கு வருகிறேன். உறுப்பினர் அனைவரும் சேர்ந்தது பேரவை. பத்து மாடு வைத்திருப்பவருக்கும் ஒரு மாடு வைத்திருப்பவருக்கும் ஒரே ஓட்டு. அவர்கள் தேர்ந்தெடுப்பது நிர்வாகக் குழு. குழுவின் முடிவை நிறைவேற்றச் சம்பளத்துக்கு ஒரு செயலாளர், அவருக்குக் கீழே பால் பரிசோதகர். படத்தில் கடைசிக் கட்டம் பரிசோதகருடையது. ஆனால் முழுச் சங்கமும் நிற்பது அந்தக் கட்டத்தின் மேல்தான், அம்மணி. நீ அக்கா என்று கூப்பிடுவாயே, அவர் அந்த இடத்தில் இருந்தார். இப்போது இயந்திரம் நொடியில் சொல்லிவிடுகிறது. அன்று கண்ணாடிக் குழாயில் 10 மில்லி கந்தக அமிலம், 10.75 மில்லி பால், 1 மில்லி அமைல் ஆல்கஹால் ஊற்றிச் சுழற்றி, மேலே திரளும் கொழுப்பை அளவுக் கோட்டில் படிக்க வேண்டும். பாலுக்கு விலை கொழுப்பையும் இதர சத்துக்களையும் பார்த்துத்தான். அரைக்கோடு கூட்டிப் படித்தாலும் ஒருவருக்கு லாபம், மற்றவர்களுக்கு நட்டம்.

ஒரு நாள் குழு உறுப்பினர் ஒருவரின் பாலில் கொழுப்பு மிகக் குறைவாக வந்தது. அவர் பக்கத்திலேயே நின்றார். அக்கா என்னைப் பார்த்தார். வந்ததை எழுதுங்கள் என்றேன். எனக்கு அந்தத் துணிவைத் தந்தது அமைப்புதான். நாங்கள் அனுப்பும் மொத்தப் பாலையும் ஒன்றியம் மறுபடி சோதித்து, அந்த அளவுக்குத்தான் சங்கத்துக்குப் பணம் தரும். நாங்கள் கூட்டி எழுதினால் வித்தியாசம் சங்கத்தின் தலையில் விழும், பேரவையில் எல்லோரும் கேட்பார்கள். அளப்பவரை அதற்கு மேலே இன்னொருவர் அளக்கிறார் என்பதால் அந்த உறுப்பினருக்குப் பதில் சொல்வது எனக்கு எளிதாக இருந்தது. அவரும் மறுபேச்சின்றிப் போனார்.

இரண்டு மேலாளர் பற்றிக் கேட்டாய். எனக்கும் இருவர் இருந்தார்கள். சங்கத் தலைவர் ஒருவர், ஒன்றியத்தின் விரிவாக்க அலுவலர் இன்னொருவர். கணக்கு, ஊழியர், செலவு எல்லாம் தலைவரிடம். பாலின் தரம், கால்நடை மருத்துவம், தீவனம் பற்றி அலுவலரிடம். எது யாரிடம் என்று எழுத்தில் இருந்ததால் சிக்கல் வரவில்லை. உங்கள் அலுவலகத்தில் ஒரே விஷயத்துக்கே இருவரும் உத்தரவு போடுகிறார்கள் என்கிறாய். அது கூடாது. எந்த விஷயம் யாருடையது என்று முதலில் பிரித்து எழுதி, இருவரிடமும் கையெழுத்து வாங்கிவிடு. பிறகு படத்தில் கோடு போடு.

வாடிக்கையாளர் புகார்களைப் பதிவு செய்பவர்கள் உங்கள் பிரிவில் யாருக்குக் கீழே இருக்கிறார்கள் என்று நீ சொல்லவில்லை. உங்கள் பரிசோதகர்கள் அவர்கள்தான். பொருளைச் செய்பவருக்குக் கீழேயே அவர்களை வைத்திருந்தால் அதை மாற்றும்படி கேள். படத்தை மேலே அனுப்புவதற்கு முன் அவர்களோடு அரை மணி நேரம் உட்கார்ந்து பேசு. அவர்கள் சொன்னதையும் சேர்த்து வரைந்து எனக்கு ஒரு பிரதி அனுப்பு. அந்தக் கட்டத்தைத்தான் முதலில் தேடுவேன்.

அன்புடன்,
அப்பா