சரியும் கண்ணாடியைப் பிடிக்கக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கண்ணாடித் தொழிற்சாலையின் கிடங்கில் பல ஆண்டுகளாக வேலை பார்ப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். புதிதாகச் சேர்பவர்களுக்குக் கையுறையும் மணிக்கட்டு உறையும் கொடுத்து, விளிம்பு கையைக் கிழிக்கும் என்று எச்சரிப்பதோடு பயிற்சி பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. எடையைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

ஒரு சதுர மீட்டர் கண்ணாடி, ஒவ்வொரு மில்லிமீட்டர் தடிமனுக்கும் இரண்டரைக் கிலோ கனக்கும். 3 மீட்டருக்கு 2 மீட்டர் அளவில் 6 மி.மீ. ஷீட் ஒன்று 90 கிலோ. எங்கள் கிடங்கில் ஒருமுறை, உள்ளே இருந்த ஷீட்டின் அளவைப் பார்ப்பதற்காக, முன்னால் நின்ற இதே அளவுள்ள எட்டு ஷீட்டுகளை ஒருவர் பக்கவாட்டில் நின்றபடி புத்தகத்தைப் புரட்டுவதுபோல் இழுத்துப் பிடித்துக்கொள்ள, எதிர்ப்பக்கம் நின்றவர் இடுக்கில் டேப்பை நீட்டினார். மொத்தம் 720 கிலோ. செங்குத்தைத் தாண்டாதவரை பாரமே தெரியாது, தாண்டிவிட்டால் எவர் கையாலும் நிறுத்த முடியாது. அன்று ஷீட்டுகள் செங்குத்தைத் தாண்டிச் சரிந்தபோது, பிடித்திருந்தவர் சட்டென்று கையை விட்டு விலகியதால் இருவரும் பிழைத்தார்கள். ஆனால் அவருக்குக் கிடைத்தது, கண்ணாடியை உடைத்ததற்கான திட்டுதான்.

கண்ணாடியைப் படுக்க வைக்காமல், செங்குத்திலிருந்து ஐந்தாறு பாகை சாய்த்து நிறுத்த வேண்டும். கீழ்க்கட்டையும் சாய்மானமும் ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் இருந்தால்தான் விளிம்பு முழுவதுமாக உட்காரும். இருபக்க ஸ்டாண்டில் ஒரு பக்கத்தை மட்டும் நிரப்பினாலோ, ஒரு பக்கத்தை மட்டும் காலி செய்தாலோ ஸ்டாண்டே கவிழும். இது தெரிந்தவர்கள்கூட லாரி காத்திருக்கும் அவசரத்தில் மறந்துவிடுகிறார்கள்.

பேக்கிங்கில் ஷீட்டுகளுக்கு இடையே காகிதமோ பொடியோ போடுவது கீறலைத் தடுக்க மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ஈரத்தால் வரும் கறையைத் தடுக்கவும்தான் அது. இடையில் ஈரம் தேங்கினால், கண்ணாடியில் உள்ள சோடியம் அதில் கரைந்து காரமாகி, மேற்பரப்பையே அரித்துவிடும்; வானவில் நிறத்தில் படியும் அந்தக் கறை எவ்வளவு துடைத்தாலும் போகாது.

தொழிற்சாலை நிர்வாகங்களிடம் நான் கேட்பது இரண்டுதான். புரட்டிப் பார்க்கத் தேவையே இல்லாதபடி, ஷீட்டின் அளவை வெளியே தெரியும் விளிம்பில் ஒட்டுங்கள். சரியும் கண்ணாடியை விட்டு விலகியவரிடம் விளக்கம் கேட்பதையும், உடைந்ததற்குச் சம்பளத்தில் பிடிப்பதையும் நிறுத்துங்கள்.

இப்படிக்கு,
கண்ணாடிக் கிடங்குத் தொழிலாளி ஒருவர்