ரியோஹா ஒயின் கவுன்சிலுக்கு ஒரு திறந்த மடல்: முத்திரையில ஊர் பேரையும் போடுங்க

ஸ்பெயின்ல லொக்ரோஞோ ஊர்ல இருக்குற ரியோஹா ஒயின் ஒழுங்குமுறைக் கவுன்சில்காரங்களுக்கு வணக்கம்.

தமிழ்ல எழுதுனா நாங்க எப்படிப் படிப்போம்னு கேக்காதீங்க. உங்க ஒயின் உலகம் பூரா விக்குது, அப்போ காசு குடுத்து வாங்குற யாரு வேணா எந்த பாஷையில வேணா கேள்வி கேக்கலாம்ல. நான் பெரிய ஒயின் நிபுணர்லாம் கிடையாது, வாங்கிக் குடிக்கிற ஆளு, பாட்டில் பின்னாடி என்ன எழுதியிருக்குன்னு படிச்சுப் பாக்குற பழக்கம் மட்டும் உண்டு.

அங்கதான் பிரச்சினையே. பின்னாடி நீங்க ஒட்டுற முத்திரை இருக்குல்ல, அதுல பச்சைன்னா சாதா ஒயின், சிவப்புன்னா கிரியான்ஸா, அடர் சிவப்புன்னா ரெசெர்வா, நீலம்னா கிரான் ரெசெர்வா. கிரியான்ஸான்னா மொத்தம் 2 வருஷம் வச்சுப் பழசாக்கணும், அதுல 1 வருஷமாவது ஓக் பீப்பாயில, கிரான் ரெசெர்வான்னா 5 வருஷம்னு எல்லாத்துக்கும் கணக்கு வச்சிருக்கீங்க. ஒயின் எவ்ளோ நாள் தூங்குச்சுன்னு கலர் கலரா சொல்றீங்க, ஆனா எந்த ஊர்த் திராட்சைன்னு அந்த முத்திரை வாயத் தொறக்காது. 144 ஊராட்சி, சுமார் 65,000 ஹெக்டேர் தோட்டம், எல்லாத்துக்கும் ஒரே பேரு, ரியோஹா.

இதுல என்ன தப்புன்னு தோணுச்சுன்னா உங்க லாகுவார்டியாவையே எடுத்துக்கோங்க. எப்ரோ ஆத்துக்கும் சியரா கந்தாப்ரியா மலைக்கும் நடுவுல ஒரு மேடு, அது மேல மதில் சுத்துன ஊரு, சுமார் 1,500 பேரு இருப்பாங்க. வடக்க அந்த மலை நின்னு அட்லாண்டிக் பக்கத்துல இருந்து வர்ற குளிர்காத்தையும் மழையையும் தடுக்குறதாலதான் அங்க திராட்சை ஒழுங்கா பழுக்குது. 1164ல நவார்ரா ராஜா ஆறாம் சாஞ்சோ இந்த ஊருக்கு உரிமைச் சாசனம் குடுத்தாரு, அப்போ இது எல்லைக் காவல் ஊரு, பக்கத்து ராஜ்ஜியமான காஸ்டீல்காரன் எப்ப வருவான்னு பாத்துக்கிட்டே இருந்த இடம். கடைசில 1461ல அவங்க கைக்கே போயிடுச்சு, அது வேற கதை.

தெருவுல நடந்தா பாதி ஊருதான் தெரியும், மீதி காலுக்கு அடியில இருக்கு. 200க்கும் மேல நிலவறை, கிட்டத்தட்ட வீட்டுக்கு வீடு. மொதல்ல ஒளிஞ்சுக்கவும் பொருள் பதுக்கவும் தோண்டுனதுன்னு சொல்றாங்க, அப்புறம் பாத்தா கோடையிலயும் குளிர்லயும் உள்ள ஒரே மாதிரி சில்லுன்னு இருக்கவே ஒயின் வைக்க ஆரம்பிச்சுட்டாங்க. இன்னைக்கும் மதிலுக்குள்ள காரை விடுறதில்ல, கீழ பூரா பொந்தா இருந்தா எப்படி விடுவாங்க. திராட்சைக் குலையக் காம்போட அப்படியே தொட்டியில கொட்டி, பழத்துக்குள்ளயே நொதிக்க விட்டு, சில மாசத்துலயே குடிக்கிற மாதிரி ஒரு இளம் ஒயின் பண்ணுவாங்களே, கொசெசெரோன்னு, தோட்டக்காரரே தன் பழத்துல தானே பண்றது, அது இந்தப் பக்கத்து ஊருங்களோட பழைய சொத்து. பீப்பாயும் இல்ல, வயசும் இல்ல, அதனால உங்க கலர் கணக்குல அது கடைசி பெஞ்சு. எனக்குக் கேட்டா அந்த ஊரோட உண்மையான ருசியே அதுதான்.

ஊரை ஒட்டியே லா ஓயான்னு இரும்புக் காலக் குடியிருப்பு ஒண்ணு தோண்டி எடுத்திருக்காங்க, கிறிஸ்துவுக்கு முன்னாடியே யாரோ திடீர்னு தாக்கி, ஆளுங்களக் கொன்னு, எரிச்சு விட்ட ஊரு. சாந்தா மரியா சர்ச்சுல வாசலையே மூடிக் கட்டி வச்சதால கல் சிலைங்க மேல 17ஆம் நூற்றாண்டுல அடிச்ச வர்ணம் இன்னும் அப்படியே நிக்குது. "சீச்சீ இந்தப் பழம் புளிக்கும்" நரிக்கதை நமக்கெல்லாம் தெரியும்ல, அதை ஸ்பானிஷ்ல செய்யுளா எழுதுன சமனியேகோ இந்த ஊருக்காரருதான், 1745ல இங்க பொறந்து 1801ல இங்கயே போய்ச் சேந்தாரு. திராட்சைக்கு நடுவுலயே வளந்த மனுஷனுக்கு அந்த நரி மேல என்ன பாசமோ.

இப்படி ஒரு ஊரோட பேரு பாட்டில்ல இருந்து எப்படித்தான் காணாமப் போச்சு? லாகுவார்டியாவுக்குப் பக்கத்துல லபஸ்டிடா ஊர்ல மனுவேல் கிந்தானோன்னு ஒரு பாதிரியார், 1780கள்ல பிரான்ஸ்ல இருக்குற போர்தோவுக்குப் போய் அங்க எப்படிப் பண்றாங்கன்னு கத்துக்கிட்டு வந்து நல்ல ஒயின் பண்ணாரு, நெறைய நாள் கெடாம நிக்கும், கப்பல் ஏத்தலாம். ஆனா ஊருல எல்லா ஒயினுக்கும் ஒரே வெலைன்னு சட்டம், அதிகம் செலவு பண்ணவனுக்கும் அதே காசு, ஏனோதானோன்னு பண்ணவனுக்கும் அதே காசு. மத்தவங்களும் சேந்து எதிர்த்தாங்க, முயற்சி படுத்துருச்சு. 1860கள்ல இந்த ஊருங்க இருக்குற அலவா மாகாண நிர்வாகம் பிரான்ஸ்ல இருந்து ஜான் பினோவை வரவழைச்சு மறுபடி அதே வேலையத் தொடங்க வேண்டியதாச்சு.

அப்புறம் ரயில் வந்துச்சு. ரியோஹாவுலயே இருக்குற ஆரோ ஊரு ஸ்டேஷன் பக்கத்துல பெரிய பெரிய ஒயின் கம்பெனிங்க வந்து ஒக்காந்தாங்க, பிரான்ஸ்ல பைலாக்ஸெரா பூச்சி தோட்டத்தையெல்லாம் அழிச்சதால இங்க டிமாண்ட் எகிறிடுச்சு, சுத்துப்பட்டு ஊருல எல்லாம் பழத்தையும் ஒயினையும் வாங்கிக் கலந்து கம்பெனி பேருல வித்தாங்க. 1899ல அதே பூச்சி உங்க பக்கமும் வந்துச்சு. ஆக 1925ல உங்க பேரு பதிவாகுறப்பவே மார்க்கெட்ல இருந்தது கம்பெனி பேரும் ரியோஹா பேரும்தான். நீங்க அழிச்சீங்கன்னு சொல்ல வரல, ஆனா அந்தப் பழக்கத்தைச் சட்டமாக்கிக் காப்பாத்துனது நீங்கதான்.

கலக்குறதும் ஒரு மரபுதானேன்னு நீங்க சொல்லலாம், சரிதான். கீழ்ப்பக்கத்து வெயில் ஊரு கர்னாச்சாத் திராட்சையையும் அலவா பக்கத்து தெம்பரானியோத் திராட்சையையும் சேத்துப் பண்ண நல்ல ஒயினுங்க எத்தனையோ இருக்கு, நானே குடிச்சு ரசிச்சிருக்கேன். கலக்க வேணாம்னு நான் சொல்லவே இல்ல, கலந்தா எந்தெந்த ஊருன்னு சொல்லுங்கன்னுதான் கேக்குறேன்.

2017ல ஊர் பேரைப் போட்டுக்குற ஊராட்சி ஒயின், ஒரே தோட்டத்துப் பழத்துல பண்ற தனித் தோட்ட ஒயின்னு புது வகை கொண்டு வந்தீங்க, அதுக்கு நன்றி. ஆனா அது எப்ப வந்துச்சு? லாகுவார்டியாவுலயே இருக்குற அர்தாதி கம்பெனி 2015 கடைசில உங்க பேரே வேணாம்னு கெளம்புன அப்புறம். அதுவும் விரும்புறவங்க மட்டும் அப்ளை பண்ணிக்கலாம்னு வச்சிருக்கீங்க. தனித் தோட்டம்னு போடணும்னா கொடிக்கு 35 வயசு ஆகியிருக்கணும், கையால பறிக்கணும், இன்னும் என்னென்னமோ. பெரிய கம்பெனியால முடியும், ரெண்டு மூணு ஹெக்டேர் வச்சுக்கிட்டு பழத்த வித்துப் பொழைக்கிற குடும்பம் என்ன பண்ணும்? 2023ல மிஞ்சிப் போன ஒயினைக் காய்ச்சி ஆல்கஹாலாக்கவும், பச்சைக் காயிலயே வெட்டிப் போடவும் மானியம் குடுக்குற நெலமை வந்துச்சு. பேரில்லாத பழத்துக்கு வெலை சொல்றவன் வாங்குறவன்தான், கிந்தானோ காலத்துல சட்டம் பண்ண வேலைய இன்னைக்கு மார்க்கெட் பண்ணுது.

கஷ்டமான வேலையும் கேக்கல. எந்த நிலத்துல இருந்து எவ்ளோ கிலோ வந்துச்சுன்னு ஒவ்வொரு விவசாயிக்கும் அட்டை குடுத்து, அறுவடை அன்னைக்கு எடை போட்டு நீங்களே பதிஞ்சு வச்சிருக்கீங்க. அந்தக் கணக்கை அப்படியே முத்திரைக்கு மாத்துங்க. 85 சதவீதத்துக்கு மேல ஒரே ஊருப் பழம்னா அந்த ஊர் பேரு, கலவைன்னா அதிகமாப் போட்ட மூணு ஊரு, அவ்ளோதான். கட்டாயமா எல்லா பாட்டில்லயும், பச்சை முத்திரையில இருந்தே ஆரம்பிங்க, கொசெசெரோகாரங்க அங்கதான் இருக்காங்க. பெரிய கம்பெனிங்க கத்துவாங்க, உங்க கவுன்சில்ல ஒயின் கம்பெனிங்க பக்கத்து ஓட்டும் அவங்களுக்குத்தான் ஜாஸ்தி, விக்கிற ஒயினை வச்சுத்தான அந்த ஓட்டு. அதனால மொதல் அஞ்சு வருஷம் வேணா எழுத்த சின்னதாப் போட்டுக்கோங்க, நாங்க கண்ணாடி மாட்டிக்கிட்டுப் படிச்சுக்கிறோம்.

இப்படிக்கு,
சிவப்பு முத்திரை வாங்குற ஒரு சாதா கஸ்டமர்