தொப்பூர் இறக்கமும் ஒரு ஜெர்மன் காரும்

அன்பு மாப்ள,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் தோப்பிலிருந்து யாராவது கூப்பிட்டுவிடுகிறார்கள். இந்த வருஷம் பூ நன்றாகத்தான் எடுத்தது, ஆனால் பிஞ்சில் பாதி உதிர்ந்துவிட்டது. பெங்களூரா ரக மாங்காய் மட்டும் கொஞ்சம் தேறும் போலிருக்கிறது, அதற்கும் மாங்கூழ் ஆலைக்காரர்கள் என்ன விலை சொல்லப்போகிறார்களோ, மாரியாத்தாவுக்குத்தான் வெளிச்சம். அக்காவுக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். மாடிப்படி ஏறாமல் பார்த்துக்கொள், அவர் சொன்ன பேச்சு கேட்கிற ஆள் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ரிட்டயர்மென்ட் பணத்தில் ஒரு ஜெர்மன் கார் எடுக்கலாமா, ஆனால் இப்போது வருகிறவற்றில் ஓட்டுகிற சுகமே போய்விட்டது என்கிறார்களே, அது நிஜமா என்று கேட்டிருக்கிறாய். நிஜம்தான். ஆனால் போனதற்கு யாரைத் திட்டுவது என்பதில்தான் எனக்கு உன்னோடு கொஞ்சம் தகராறு இருக்கிறது.

தை மாசம் சேலத்தில் ஒரு கல்யாணம். மச்சினன் மகன், ஆலை வைத்திருக்கிறானே அவன்தான், போன வருஷம் ஒரு ஜெர்மன் செடான் எடுத்தான். எந்தக் கம்பெனி என்று எழுத மாட்டேன், இந்தக் கடிதம் அவன் கண்ணில் பட்டால் வம்பு. அன்றைக்கு டிரைவர் லீவு. "மாமா, நீங்க ஓட்டுங்க, உங்களுக்குத்தான் இதெல்லாம் புடிக்குமே" என்று சாவியைக் கொடுத்துவிட்டு நேராகப் போய்ப் பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டான். முன்னால் என் பக்கத்தில் சீட் காலி. அவனுக்கு அது தோன்றவே இல்லை பார், அந்த வண்டியில் அவன் இடம் பின்னால் இடது பக்கம்தான்.

காவேரிப்பட்டணம், காரிமங்கலம், தருமபுரி வரைக்கும் சொல்ல ஒன்றுமில்லை. ஏசி போட்ட கல்யாண மண்டபத்துக்குள் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. 70ல் போகிறோம் என்று நினைத்துப் பார்த்தால் முள் 110ஐத் தாண்டி நிற்கிறது. முள் என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன், அங்கே ஏது முள், எல்லாம் ஸ்க்ரீன்தான். பாளையம்புதூர் டோல்கேட் தாண்டி தொப்பூர் இறக்கம் ஆரம்பித்ததும்தான் கதை. உனக்குத் தெரியாத இடமில்லை. கிரானைட் கல் ஏற்றிய லாரிகள் ஃபர்ஸ்ட் கியரில் முனகிக்கொண்டு இறங்க, பிரேக் லைனிங் தீய்ந்த வாடை ஜன்னல் மூடியிருந்தும் உள்ளே வந்தது. ஒரு லாரியைத் தாண்ட வலது பக்கம் கோட்டின்மேல் ஏற்றினேன். ஸ்டீயரிங் என் கையை இடது பக்கம் இழுத்தது, மாப்ள! பலமாக இல்லை, பக்கத்தில் உட்கார்ந்த மாமியார் ஒரு விரலால் பிடித்து இழுக்கிற மாதிரி. எனக்கு நெஞ்சு ஒரு தடவை குதித்தது. பின்னாலிருந்து போனைப் பார்த்தபடியே அவன் சொல்கிறான், "அது லேன் அசிஸ்ட் மாமா, கோட்டைத் தாண்டினா திருப்பி உள்ள இழுக்கும், ஸ்க்ரீன்ல போய் ஆஃப் பண்ணிக்கலாம்." ரெட்டைப் பாலத்துக்கு முன்னால், முன்னும் பின்னும் லாரி, நான் ஸ்க்ரீனில் தேட வேண்டுமாம். இண்டிகேட்டர் போட்டிருந்தால் அது இழுத்திருக்காது என்று அப்புறம் தெரிந்துகொண்டேன். நான் போடவில்லை. அது என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் எனக்கு உறுத்தியது அந்த இழுப்பு இல்லை. அடுத்த வளைவில் வண்டி கயிறு கட்டி இழுத்த மாதிரி சுத்தமாகத் திரும்பியது, ஒரு குறையும் சொல்ல முடியாது, ஆனால் முன் சக்கரத்திலிருந்து என் கைக்கு ஒரு சேதியும் வரவில்லை. அந்த இடத்தில் லாரிகள் பிரேக் அடித்து அடித்துத் தார் அலை அலையாக ஒதுங்கிக் கிடக்கும், பார்த்திருப்பாய். என் பழைய பி.எம்.டபிள்யூ 3 சீரிஸில் போனால் அந்த அலை முதலில் உள்ளங்கைக்குத்தான் வரும், ஒரு குறுகுறுப்பாக. கொஞ்சம் மழை தூறியிருந்தால் ஸ்டீயரிங் அரைப் பிடி லேசாகும், இங்கே பிடிப்பு குறைவு, மெதுவாகப் போ என்று அது சொல்வதற்குள் கால் தானாக ஆக்சிலேட்டரை விட்டிருக்கும். புது வண்டியில் மழையும் ஒன்றுதான், வெயிலும் ஒன்றுதான்.

இதற்குக் காரணம் எளிது. என்னுடையது 2009 மாடல், ஈ90 என்று சொல்வார்கள், சென்னைப் பக்கம் மகிந்திரா சிட்டியில் பி.எம்.டபிள்யூ 2007ல் ஆலை திறந்தபோது முதலில் கட்ட ஆரம்பித்த ரகங்களில் அதுவும் ஒன்று. அதில் பவர் ஸ்டீயரிங் எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்கிறது. இன்ஜின் பெல்ட் ஒரு பம்பைச் சுற்றுகிறது, அந்த எண்ணெய் நம் கைக்கு உதவுகிறது, ரோடு சக்கரத்தைத் தள்ளினால் அதே வழியாக நம் கைக்கும் ஒரு தள்ளு வருகிறது. அடுத்து வந்த 3 சீரிஸிலிருந்து மின்மோட்டார் ஸ்டீயரிங். பம்ப் எந்நேரமும் இன்ஜினைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும், மோட்டாருக்குத் திருப்பும்போது மட்டும் கரண்ட் போதும். ஐரோப்பாவில் ஒரு கம்பெனி விற்கிற புது கார்கள் சராசரியாகக் கிலோமீட்டருக்கு 95 கிராம் கார்பன் டை ஆக்சைடுக்குள் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தபோது ஒவ்வொரு கிராமுக்கும் கணக்குப் பார்த்தார்கள். தவிர, தானாகப் பார்க் செய்வது, லேனுக்குள் பிடித்து வைப்பது எல்லாவற்றுக்கும் மோட்டார் வேண்டும், எண்ணெயைக் கம்ப்யூட்டர் அத்தனை சுலபமாக ஆட்டிவைக்க முடியாது. அதாவது, என் கையை இழுத்த மாமியாரும், என் கைக்குச் சேதி வராமல் போனதும் ஒரே மோட்டாரின் வேலை. ரோட்டின் அதிர்வு வேண்டாத தொந்தரவு என்று வடிகட்டி எடுத்துவிடுகிறார்கள். மச்சினன் மகனுக்கு அது தொந்தரவுதான், அவன் போன் பார்க்க வேண்டும்.

எடையையும் சொல்லிவிடுகிறேன். நாம் பத்திரிகையில் படம் வெட்டி ஒட்டி வைத்தோமே அந்த எம்5, பி.எம்.டபிள்யூவின் வேக செடான், 1998ல் வந்தது, 400 குதிரைத்திறன், கையால் போடும் 6 கியர், எடை 1,800 கிலோவுக்குள். 2024ல் வந்த எம்5க்கு 727 குதிரைத்திறன், பேட்டரி, மோட்டார் எல்லாம் சேர்த்து 2,400 கிலோவுக்கு மேல். நடுவில் உன் சித்தப்பாவின் மாருதி 800 ஒன்றை முழுசாகத் தூக்கி டிக்கியில் வைத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள், கணக்கு கிட்டத்தட்ட சரியாக வரும். பென்ஸும் சும்மா இருக்கவில்லை. அவர்களுடைய வேக வண்டி ஏ.எம்.ஜி. சி63 என்றால் 8 சிலிண்டர், அந்த உறுமலுக்காகவே வாங்கினவர்கள் உண்டு. 2022ல் அதில் 2 லிட்டர் 4 சிலிண்டர் இன்ஜினையும் மின்மோட்டாரையும் வைத்து 680 குதிரைத்திறன் என்றார்கள். வேகத்துக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் வேகத்தை மட்டும் விரும்புகிறவன் ரயிலில் போகலாமே.

சத்தம் இன்னும் வேடிக்கை. 2011 எம்5லேயே இன்ஜின் சத்தத்தை ஸ்பீக்கர் வழியாக உள்ளே விட ஆரம்பித்துவிட்டார்கள். இன்ஜின் முன்னால் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் கேபினை அத்தனை இறுக்கமாக மூடிவிட்டதால் அது கேட்பதில்லை, அதனால் அதே சத்தத்தைப் பாட்டு மாதிரி போடுகிறார்கள். நல்ல நாதஸ்வரக்காரரை மண்டபத்துக்கு வெளியே நிறுத்திவிட்டு உள்ளே அவருடைய கேசட்டைப் போட்ட மாதிரி.

இவ்வளவும் சொன்னதால் கம்பெனிகள் நம்மை ஏமாற்றிவிட்டன என்று நீ எழுதியதற்கு நான் ஆமாம் போடுவேன் என்று நினைக்காதே. நீயும் நானும் நாற்பது வருஷமாகக் கார் பைத்தியம். இதில் ஷோரூமுக்குப் போய்ப் புதுசாக ஜெர்மன் கார் எடுத்தது யார்? நான் பெங்களூரில் ஒரு ஐ.டி.காரரிடம் மூன்றாம் கையாக வாங்கினேன். நீ இன்னும் வாங்கவே இல்லை. ரோட்டின் குறுகுறுப்பு, கிளச்சின் கனம் என்று பேசுகிறவர்கள் எல்லாம் நம்மை மாதிரிதான், பேச்சு லிட்டர் கணக்கில், பணம் சொட்டுக் கணக்கில். முழு விலையும் கொடுத்தவன் பின் சீட்டில் உட்கார்ந்தான். அவனுக்காக பென்ஸ் 2017ல் இ கிளாஸை இழுத்து நீட்டி இங்கே கொண்டுவந்தது. 2021ல் பி.எம்.டபிள்யூ 3 சீரிஸையே 110 மில்லிமீட்டர் நீட்டி விற்றது. ஓட்டுகிறவனின் கார் என்று பேரெடுத்த 3 சீரிஸ், மாப்ள, அதைக் கால் நீட்ட வசதியாக்கி விற்றார்கள், இந்த ஊரில் அதுதான் போகும் என்று தெரிந்து. அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மண்டியில் எந்த மாம்பழம் போகிறதோ அந்தக் கன்றைத்தான் நானும் நடுகிறேன்.

போர்ஷே 2002ல் கயேன் என்று ஒரு எஸ்யுவி கொண்டுவந்தபோது கார் பிரியர்கள் எல்லாரும் மண்ணை வாரித் தூற்றினார்கள். அந்த எஸ்யுவி சம்பாதித்துக் கொடுத்த பணம்தான் அவர்களுடைய ஸ்போர்ட்ஸ் கார் 911ஐக் காப்பாற்றியது என்பது என் கட்சி, இன்றைக்கும் 911ல் கையால் போடும் கியர் கேட்டால் சில மாடல்களில் கிடைக்கிறது. பி.எம்.டபிள்யூ எம்2விலும் இந்தியாவிலேயே மேனுவல் கொடுக்கிறார்கள். கோடி ரூபாய் ஆகும், அது வேறு பேச்சு.

இன்னொன்று. அந்தச் சுகம் ஒரேயடியாகச் செத்துப்போகவில்லை, வீடு மாறியிருக்கிறது. பி.எம்.டபிள்யூவின் 'எம்' என்ற வேக வண்டிகளுக்கு இன்ஜினியரிங் தலைமையாக இருந்த ஆல்பர்ட் பியர்மன் 2015ல் ஹூண்டாய்க்குப் போனார். நம் ஸ்ரீபெரும்புதூர் ஹூண்டாய், சான்ட்ரோ விற்ற கம்பெனி! அவர் போன பிறகுதான் ஹூண்டாயின் 'N' என்ற வேக வண்டிகள் வந்தன, ஐரோப்பாவில் ஓட்டத் தெரிந்தவர்களே மெச்சினார்கள். டொயோட்டா ஜி.ஆர். யாரிஸ் என்று 3 சிலிண்டரில் ஒரு குட்டிச்சாத்தானைச் செய்து வைத்திருக்கிறது, இங்கே வராது. இங்கே அந்த வேலையைக் குறைந்த விலையில் செய்த ஃபோக்ஸ்வேகன் போலோ 2022ல் நின்றுபோனது, அதற்கு நான் ஒரு நாள் துக்கமே அனுசரித்தேன், வீட்டில் சிரித்தார்கள்.

இதெல்லாம் வயசான புலம்பலோ என்று எனக்கே சந்தேகம் வருவதுண்டு. உன் சித்தப்பா ஃபியட்டில் ஸ்டீயரிங் பக்கத்துக் கியரைப் போட்டு நம்மை அணைக்கட்டு ரோட்டில் பழக்கினாரே, அவரே பிறகு மாருதி 800 வாங்கிவிட்டு, "இதெல்லாம் வண்டியாடா, சோப்பு டப்பா, குழந்தைகூட ஓட்டும்" என்று ஒரு வருஷம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு சோப்பு டப்பா. ஆனாலும் அந்த 800ல் ஒரு கூழாங்கல் மேல் ஏறினால்கூட எந்தச் சக்கரம் என்று சொல்லிவிடலாம் மாப்ள. சித்தப்பா கைவலி போனதைத்தான் குறை சொன்னார். நான் சொல்வது அது இல்லை.

எனவே உனக்கு என் யோசனை: புதுசு வேண்டாம். அந்தப் பணத்தில் பாதியை அத்தை பேரில் டெபாசிட் போட்டுவிட்டு, நல்ல கையில் இருந்த பழசு ஒன்று பார். ஸ்டீயரிங் எண்ணெய் டப்பா இருக்கிறதா என்று பானெட்டைத் திறந்து பார்த்தாலே பாதி முடிவாகிவிடும். செலவு வைக்கும், மறைக்க மாட்டேன். 15 வருஷம் முடிந்து என்னுடையதை எப்.சி. காட்டிப் புதுப்பிப்பதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. பெங்களூரில் ஒரு பெரிய பட்டறையில் முன் புஷ் மாற்ற அவர்கள் சொன்ன தொகைக்கு இங்கே அரைக்காணி வாங்கலாம், கடைசியில் ராயக்கோட்டை ரோட்டில் நம் பையன் ஒருத்தன் அதில் கால் பங்குக்கு மாற்றிக் கொடுத்தான்.

எதற்கும் முடிவெடுப்பதற்கு முன்னால் வைகாசியில் ஒரு வாரம் இங்கே வா. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியாக ஒகேனக்கல் போகலாம், காட்டுக்குள் வளைந்து வளைந்து போகிற ரோடு, யானை நடமாட்டம் உண்டு, அதனால் பகலிலேயே கிளம்ப வேண்டும். நீதான் ஓட்டுகிறாய், நான் பக்கத்தில் முன் சீட்டில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டு வருவேன். அஞ்செட்டி தாண்டி இரண்டாவது வளைவில் தார் பெயர்ந்து ஜல்லி கிடக்கும், அங்கே உன் கைக்கு என்ன வருகிறது என்று மட்டும் எனக்குச் சொல். அத்தைக்கும் அக்காவுக்கும் என் விசாரிப்பைச் சொல். வரும்போது கோவை செட்டிப்பாளையம் டிராக்கில் ரேஸ் எப்போது என்று விசாரித்துக்கொண்டு வா, அடுத்த தடவை நான் அங்கே வருகிறேன்.

உன் மச்சான்,
கிருஷ்ணகிரி