வண்ணாரப்பேட்டைக் கடையில் நின்ற பெரியவருக்கு

மகளின் பள்ளிக் கண்காட்சிக்குச் செய்த இயந்திரக் கை உதறிக்கொண்டே இருந்தது. அதை அசைக்கும் சர்வோ மோட்டார்கள் இரண்டை மாற்றியும் பணம்தான் போனது. மூன்றாவது வாங்க வந்த கடையில், என்னைப் போலவே பொருள் வாங்க நின்றிருந்த நீங்கள், “மோட்டாரை விடுங்கள், அதற்கு மின்சாரம் தரும் சப்ளையைக் காட்டுங்கள்” என்றீர்கள். மீட்டரில் சரியாக 5 வோல்ட். நான் அலட்சியமாகச் சிரித்தேன், மன்னியுங்கள். மோட்டாரை ஓடவிட்டு அளந்தீர்கள்: 4 வோல்ட்டுக்கும் கீழே! சப்ளைப் பெட்டியைத் திறந்தால், வோல்ட்டைச் சீராக வைத்திருக்க வேண்டிய கெப்பாசிட்டர்கள் இரண்டு கெட்டுப்போய்த் தலை உப்பிக் கிடந்தன.

உங்கள் பையிலிருந்தே 1000 மைக்ரோஃபாரட், 16 வோல்ட் கெப்பாசிட்டர்கள் இரண்டை எடுத்து, கழித்தல் கோடு இருக்கும் பக்கத்தை இருமுறை பார்த்து, கடைக்காரரின் சால்டரிங் அயர்னை இரவல் வாங்கிப் பற்றவைத்தீர்கள். உதறல் நின்றது. காசும் வேண்டாம், தேநீரும் வேண்டாமென்று திருவொற்றியூர் பஸ்ஸில் ஏறிவிட்டீர்கள்.

ஐயா, பெயரைக்கூடக் கேட்காமல் விட்டேன். கண்காட்சியில் அந்தக் கை எல்லோருக்கும் வணக்கம் வைத்தது. முதல் வணக்கம் உங்களுக்குத்தான் என்கிறாள் மகள்.