பத்துக்குப் பத்து படுக்கையறையில் கண்ணாடிக்கு ஓர் இடம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீடு, மனை குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியாகும் பக்கங்களைத் தவறாமல் படித்து வருபவன் நான். சென்னையின் தெற்குப் புறநகர்ப் பகுதிகளில், அடுக்குமாடி வீடுகளுக்கு அலமாரி, லாஃப்ட் முதலிய மரவேலைகளை ஒப்பந்தத்துக்கு எடுத்துச் செய்து வருகிறேன். டிரஸ்ஸிங் டேபிள் என்று பத்திரிகைகளில் அச்சாகும் படங்கள் பெரும்பாலும் கட்டிலைச் சுற்றி நாலு பேர் தாராளமாக நடமாடக்கூடிய அறைகளில் எடுக்கப்பட்டவையாகவே இருக்கின்றன. என்னிடம் வேலை கொடுக்கும் குடும்பங்களின் படுக்கையறையோ 10-க்கு 10 அடி. இரண்டாவது அறை என்றால் அதற்கும் கீழே. அந்த அளவுக்குள் தலை வாரிக்கொள்ளவும் புடவை கட்டிக்கொள்ளவும் ஓர் இடத்தை ஒதுக்க முடியும் என்பதையும், அதைக் கட்டடம் எழும்பும்போதே ஒதுக்கிவிட்டால் பிற்பாடு சுவரை உடைக்கும் வேலை இல்லை என்பதையும் சொல்லவே இக்கடிதம்.

2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி, வீட்டில் வாழும் அறைகள் இரண்டு இருந்தால் ஒன்று 9.5 சதுர மீட்டருக்குக் குறையாமலும், மற்றொன்று 7.5 சதுர மீட்டருக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். அடிக் கணக்கில் முன்னது ஏறத்தாழ 102 சதுர அடி, பின்னது 81 சதுர அடி. நம் ஊர்ப் படுக்கையறைகள் பெரும்பாலும் இந்த இரண்டு எண்களையும் ஒட்டியே கட்டப்படுகின்றன. பரப்பளவையும் அகலத்தையும் விதி பார்த்துக்கொள்ளும். அதற்குள் கட்டில் எங்கே, பீரோ எங்கே, கண்ணாடி எங்கே என்பதை வரைபடம் போடுபவர்தான் பார்க்க வேண்டும். கட்டிலையும் பீரோவையும் அவர் வரைந்து காட்டிவிடுகிறார். கண்ணாடியை மறந்துவிடுகிறார்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். இருவர் படுக்கும் கட்டில் 5 அடி அகலம், ஆறரை அடி நீளம். பீரோவின் ஆழம் 2 அடி. கட்டிலை ஒரு பக்கச் சுவரோடு ஒட்டிப் போட்டு, எதிர்ச் சுவரில் பீரோவை வைத்தால் இடையில் மிஞ்சுவது 3 அடி. கட்டிலின் கால்மாட்டில் மிஞ்சுவது மூன்றரை அடி. அறைக் கதவும் குளியலறைக் கதவும் திறந்து மூட வேண்டியது இந்த மிச்சத்துக்குள்தான். கடையில் விற்கும் டிரஸ்ஸிங் டேபிளின் ஆழம் ஒன்றரை அடி. அதன் முன்னே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார இன்னும் ஒன்றரை அடி. கால்மாட்டில் அதை வைத்து ஒருவர் உட்கார்ந்துவிட்டால், அவர் எழுந்திருக்கும் வரை மற்றவர் குளியலறைக்குப் போக முடியாது.

இது தெரிந்தும் அந்த மேசை வீட்டுக்குள் வந்துவிடுகிறது. அதற்குக் காரணம் சீர்வரிசை. கட்டில், பீரோ, டிரஸ்ஸிங் டேபிள் மூன்றும் ஒரே கடையில் ஒரே ‘செட்’டாக விற்கப்படுகின்றன. பெண் வீட்டார் வாங்கித் தருகிறார்கள், மாப்பிள்ளை வீட்டார் இறக்கி வைக்கிறார்கள், அறையை யாரும் அளப்பதில்லை. மேடவாக்கம் பக்கம் அண்மையில் ஒரு வீட்டுக்கு அளவெடுக்கப் போயிருந்தேன். புதுமணத் தம்பதியின் அறை. தேக்கு நிற மேசை கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே செருகப்பட்டிருந்தது. கீழ் இழுப்பறையைத் திறக்க வேண்டுமானால் ஒரு கையால் மெத்தையின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். முக்காலி கட்டிலுக்கு அடியில் சூட்கேஸ்களோடு கிடந்தது. அந்தப் பெண்ணின் சீப்பு, மை டப்பா, பவுடர் எல்லாம் ஹாலில் கைகழுவும் பேசின் மீது இருந்தன. அதற்கு மேலே இருந்த சின்னக் கண்ணாடியின் ஓரத்தில் வரிசையாக ஸ்டிக்கர் பொட்டுகள். சாப்பாட்டு மேசைக்கு மூன்றடி தள்ளித் தலை வாருவதைப் பற்றி மாமியாருக்கு இருந்த மனத்தாங்கலை நான் அளவு நாடாவை மடக்கி முடிப்பதற்குள் அவரே சொல்லிவிட்டார்.

அந்த வீட்டுக்கு மேசையே வேண்டாம் என்பதுதான் என் யோசனை. நம் வீடுகளில் உட்கார்ந்து அலங்காரம் செய்துகொள்பவர்கள் குறைவு. பின்னல் போடுவது, கொசுவம் பிடிப்பது, முந்தானையைச் சரிபார்ப்பது, சட்டையின் பொத்தானைப் போட்டுக்கொண்டே அலுவலகத்துக்குக் கிளம்புவது எல்லாமே நின்றபடி நடப்பவை. உட்காரும் மேசையில் பொருத்திய கண்ணாடி இடுப்புக்கு மேலேதான் காட்டும். கொசுவம் தரையைத் தொடுகிறதா என்பதைப் பார்க்கக் கட்டில் மேல் ஏறி நிற்பவர்களும் உண்டு. நின்றபடி முழு உருவத்தையும் பார்க்கும் ஒரு கண்ணாடியும், கைக்கு எட்டும் தட்டுகளும், முகத்தில் விழும் விளக்கும் இருந்தால் போதும். இவை மூன்றும் சுவரிலேயே அடங்கிவிடும்.

முழு உருவம் தெரிய ஆள் உயரக் கண்ணாடி வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். நம் உயரத்தில் பாதி போதும். கண்ணாடிக்கு எவ்வளவு தூரத்தில் நின்றாலும் இந்தக் கணக்கு மாறாது. பாதத்திலிருந்து புறப்படும் ஒளி, கண் மட்டத்தின் சரிபாதி உயரத்தில் கண்ணாடியில் பட்டுத் திரும்பிக் கண்ணை அடைகிறது என்பதே காரணம். ஆகவே கண் மட்டம் 5 அடி உள்ளவருக்குக் கண்ணாடியின் கீழ் விளிம்பு தரையிலிருந்து இரண்டரை அடிக்கு மேல் போகக் கூடாது. குடும்பத்தில் 4 அடி 10 அங்குல மாமியாரும் 5 அடி 10 அங்குல மகனும் இருந்தால், தரையிலிருந்து 2 அடியில் தொடங்கி 6 அடியில் முடியும் 4 அடிக் கண்ணாடி அனைவருக்கும் பயன்படும். அகலம் ஒன்றரை அடி போதும்.

இந்த இடத்தில்தான் தச்சர்கள் பலர் வழக்கத்துக்குக் கட்டுப்பட்டு வேலையைக் கெடுத்துவிடுகிறார்கள். கண்ணாடிக்கு நேர் கீழே, இடுப்பு உயரத்தில் ஒரு தட்டு வைத்து, அதற்கும் கீழே இரண்டு இழுப்பறைகளைச் சேர்த்துவிடுகிறார்கள். பாதத்திலிருந்து வரும் ஒளியை அந்தத் தட்டு மறித்துவிடும். நல்ல கண்ணாடி வாங்கியும் முழங்காலுக்குக் கீழே எதுவும் தெரியாது. தட்டுகள் கண்ணாடியின் பக்கவாட்டில்தான் இருக்க வேண்டும். ஆறு அங்குல ஆழம் போதும்: எண்ணெய் பாட்டில், பவுடர் டப்பா, வளையல் ஸ்டாண்ட் எதுவும் அதைத் தாண்டி நிற்காது. கண்ணாடியும் தட்டுகளுமாகச் சேர்த்துச் சுவரில் பிடிப்பது இரண்டரை அடி அகலம். தரையில் பிடிப்பது ஒன்றுமில்லை, பெருக்குவதற்கும் தடையில்லை. உதிர்ந்த முடி மேசைக் கால்களைச் சுற்றிக்கொண்டு கிடப்பதைத் தினமும் குனிந்து எடுப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். தேங்காய் எண்ணெய் வைக்கும் தட்டுக்கு மட்டும் மேலே ஒரு கண்ணாடித் துண்டைப் போட்டுவிடுவது நல்லது. ஒட்டுப்பலகையின் விளிம்பு வழியாக எண்ணெய் இறங்கிவிட்டால் கறை போகாது. (ஏ.சி.யை 22-இல் வைத்துத் தூங்குபவர்கள் எண்ணெயைக் குளியலறையில் வைத்துக்கொள்வதே மேல். காலையில் பாட்டிலுக்குள் உறைந்திருக்கும்.)

விளக்கைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பெரும்பாலான வீடுகளில் கண்ணாடி சரியாக இருந்தும் முகம் தெரியாததற்கு விளக்குதான் காரணம். படுக்கையறையில் ஒரே ஒரு டியூப் லைட், அதுவும் கட்டிலின் தலைமாட்டுக்கு மேலே. கால்மாட்டில் கண்ணாடி முன் நிற்பவருக்கு அந்த வெளிச்சம் முதுகில் விழுகிறது. முகம் தன் நிழலிலேயே மறைந்துவிடுகிறது. கூரையிலிருந்து நேர் கீழே விழும் விளக்கு என்றால் கண்ணுக்குக் கீழும் மூக்குக்குக் கீழும் கறுப்பு விழும். கண்ணாடியின் இரு பக்கமும் கண் மட்டத்தில், தரையிலிருந்து ஏறக்குறைய 5 அடியில், பக்கத்துக்கொன்றாக 5 வாட் எல்.இ.டி. விளக்குகள் இருந்தால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும். நம் கடைகளில் கேட்காமலே எடுத்துத் தருவது 6500 கெல்வின் (கெல்வின் என்பது ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) நீல வெள்ளை; அதில் குங்குமத்தின் நிறமும் மாநிறமும் வெளிறிப்போகும். 4000 கெல்வினைக் கேட்டு வாங்கலாம். நிறத்தை உள்ளபடி காட்டும் குறியீடு அட்டைப்பெட்டியில் சி.ஆர்.ஐ. என்று அச்சிடப்பட்டிருக்கும், அது 90-க்கு மேல் இருப்பது நல்லது. பகல் வெளிச்சத்துக்கும் இதே நியாயம்தான். ஜன்னலுக்கு நேர் எதிர்ச் சுவரில் கண்ணாடியை மாட்டினால் வெளிச்சம் முதுகுக்குப் போய்விடும். ஜன்னலை ஒட்டிய பக்கச் சுவரே ஏற்றது.

வாஸ்து பார்ப்பவர்கள் கட்டிலுக்கு எதிரே கண்ணாடி கூடாது என்கிறார்கள். நான் அவர்களோடு வாதம் செய்வதில்லை. தெருவிளக்கு ஜன்னல் வழியே வந்து கண்ணாடியில் பட்டு நள்ளிரவில் கண்ணில் அடிப்பதை நினைத்தால் அவர்கள் சொல்வதில் நடைமுறை நியாயமும் இருக்கிறது. அப்படிப்பட்டவர்கள் பீரோக் கதவின் உட்புறத்தில் கண்ணாடியைப் பதித்துக்கொள்ளலாம். 4 மில்லிமீட்டர் கண்ணாடி சதுர மீட்டருக்கு 10 கிலோ எடை. நான் சொன்ன அளவுக்குக் கிட்டத்தட்ட ஐந்தரை கிலோ வரும். கதவில் கூடுதலாக ஒரு கீல் போடச் சொன்னால் தொங்காது.

கண்ணாடியை ஒட்டுவதிலும் ஒரு கவனம் வேண்டும். புளிச்ச காடி வாடை அடிக்கும் மலிவான சிலிக்கான் பசை, கண்ணாடியின் பின்புற வெள்ளிப் பூச்சை அரித்துவிடும். ஆறு மாதத்திலேயே கறுப்புத் திட்டு தெரியத் தொடங்கும். கண்ணாடிக்கு ஏற்ற நியூட்ரல் சிலிக்கானைக் கேட்டு வாங்க வேண்டும். குளியலறைக் கதவை ஒட்டிய சுவரிலும், திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற கடலோரப் பகுதிகளிலும், சுவருக்கும் கண்ணாடிக்கும் இடையே காற்றுப் போகச் சிறிது இடைவெளி விடுவது அவசியம்.

இனி, கட்டுநர்களிடம் கேட்க வேண்டியதற்கு வருகிறேன். இப்போது எழும்பும் உயரமான குடியிருப்புகள் பலவற்றில் செங்கல் சுவரே இல்லை. அலுமினிய அச்சுகளை நிறுத்திச் சுவரையும் கூரையையும் ஒரேயடியாகக் கான்கிரீட்டில் வார்க்கும், ‘மைவான்’ என்று எங்கள் தொழிலில் சொல்லும் முறையில் கட்டுகிறார்கள். மின்கம்பிக் குழாயும் சுவிட்சுப் பெட்டியும் வார்ப்பதற்கு முன்பே உள்ளே வைக்கப்பட்டுவிடும். குடிவந்த பிறகு கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு பாயிண்ட் வேண்டும் என்றால் சுவரைக் கீறக் கூடாது, கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பி அறுந்துவிடும். சுவருக்கு வெளியே பிளாஸ்டிக் பட்டை ஓட்டித்தான் மின்கம்பியை இழுக்க வேண்டும். நான் அளவெடுத்த வீட்டிலும் அப்படித்தான்: படுக்கையறையில் இருந்த பிளக் பாயிண்டுகள் எல்லாம் கட்டிலின் தலைமாட்டிலும் ஏ.சி.க்கு அடியிலும் இருந்தன. கண்ணாடி வைக்கக்கூடிய ஒரே சுவர் வெறுமையாக இருந்தது. விற்பனைக்கு முன் பில்டரிடம் கேட்டதற்கு, அது உங்கள் இன்டீரியர்காரர் வேலை என்று பதில் வந்ததாம்.

முடி உலர்த்தும் கருவி வைத்திருப்பவர்களுக்கு இது வசதிக் குறைவோடு நிற்காது. 6 ஆம்பியர் பாயிண்ட், 230 வோல்ட்டில் 1,380 வாட் வரைதான் தாங்கும். 2,000 வாட் கருவியை அதில் செருகிப் பயன்படுத்தும்போது பிளக் சூடேறி உருகுவதை நேரில் பார்த்திருக்கிறேன். எக்ஸ்டென்ஷன் பலகையை இழுத்துக் கட்டில் மேல் வைத்துக்கொள்வது அதைவிட ஆபத்து.

கட்டுநர்கள் செய்ய வேண்டியது அதிகமில்லை. வாங்குபவரிடம் கையெழுத்துப் பெறும் வரைபடத்தில், படுக்கையறையின் ஒரு சுவரில், ஜன்னலை ஒட்டி இரண்டரை அடி அகலத்தைக் கண்ணாடிக்கென்று குறிக்க வேண்டும். அந்த இடத்தில் 5 அடி உயரத்தில் இரண்டு விளக்குப் பாயிண்டுகளும், மூன்றரை அடி உயரத்தில் ஒரு 16 ஆம்பியர் பாயிண்டும் விட வேண்டும். குழாய், கம்பி, பெட்டி எல்லாம் சேர்ந்து அந்தக் கட்டத்தில் ஆகும் செலவு, வீட்டு விலையில் கணக்கில் வராத தொகை. முன்பணம் கட்டி மின்சார வரைபடத்துக்காகக் காத்திருக்கும் வாசகர்கள், சுவர் வார்க்கும் தேதியைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்கு முன்பே இதை எழுத்து மூலமாகக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். தங்கள் நாளிதழும் வீட்டு அலங்காரப் பக்கத்தில், அளவு குறித்த 10-க்கு 10 அறை வரைபடம் ஒன்றை அவ்வப்போது வெளியிட்டால், சீர்வரிசை வாங்கக் கடைக்குப் போகும் பெற்றோர் அதைக் கையில் எடுத்துச் செல்ல முடியும்.

இங்ஙனம்,
தங்கள் வாசகர்,
மடிப்பாக்கம், சென்னை.