மொரிசாகியும் நீயும்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. அம்மாவுக்கு முட்டிவலி தேவலை என்று எழுதியிருந்தாய், நிம்மதி. நான் பதில் போடாததற்குக் காரணம் சொன்னால் சிரிப்பாய். ராத்திரியெல்லாம் வீடியோ கேம்!

இங்கே தோக்கியோவில் ஒரு பழைய சாமான் கடையில் ஃபேமிகாம் என்கிற பழைய நின்டெண்டோ வீடியோ கேம் பெட்டியும், 'கேப்டன் சுபாசா' என்கிற கால்பந்து கேமின் கேட்ரிட்ஜும் கிடைத்தன. டெக்மோ கம்பெனி 1988இல் வெளியிட்டது. ஆட்டத்தைச் சேமித்துவைக்க உள்ளே பேட்டரி கிடையாது, விட்ட இடத்திலிருந்து தொடர பாஸ்வேர்டைக் காகிதத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். கெட்டுப்போக பேட்டரி இல்லாததும் ஒரு வசதிதான், இன்னும் ஓடுகிறது. ஒரே ஒரு ஜப்பானிய ஹிரகானா எழுத்தைத் தப்பாகக் குறித்ததில் எனக்கு ஒரு மேட்ச் முழுக்கப் போச்சு.

பட்டனை விடாமல் தட்டுகிற கேம் இல்லை இது. எதிராளி கிட்டே வந்ததும் ஆட்டம் அப்படியே நின்றுவிடும். டிரிபிளா, பாஸா, ஷாட்டா? டீ குடித்துக்கொண்டே யோசிக்கலாம். முடிவு செய்ததும் திரை முழுக்க முகம், கால், பறக்கும் பந்து. இந்த கேமுக்கு மூலமான, தகஹாஷி யோய்ச்சி வரைந்த மங்காவின் (ஜப்பானியக் காமிக்ஸ்) பக்கத்தைப் புரட்டுகிற மாதிரியே இருக்கும். எல்லாவற்றுக்கும் 'கட்ஸ்' என்று ஒரு தெம்புக் கணக்கு. 'அவனுக்கு கட்ஸ் இருக்குடா' என்போமே, அதே சொல்தான். கதாநாயகன் சுபாசாவின் டிரைவ் ஷாட்டை இஷ்டத்துக்கு அடித்தால் கட்ஸ் தீர்ந்து, கடைசி நிமிஷத்தில் அவன் சும்மா நிற்பான். (இதே கேமை 1992இல் அமெரிக்காவில் விட்டபோது சுபாசாவுக்கு மஞ்சள் முடி வைத்து ராபின் ஃபீல்ட் என்று பெயரும் மாற்றினார்கள். என்ன அநியாயம்!)

ஆனால் உனக்கு எழுத உட்கார்ந்தது மொரிசாகிக்காக. சுபாசாவின் நான்காட்சு அணியின் கோல்கீப்பர். நட்சத்திர கீப்பர் வகபயாஷி ஜெர்மனிக்குப் போய்விட்டதால் இவன் நிற்கிறான், பாவம். எதிரணியான தோஹோவின் ஹ்யூகா டைகர் ஷாட் அடித்தால் பந்தோடு சேர்ந்து இவனும் பறப்பான். இங்கே ரசிகர்கள் இன்றைக்கும் அவனை வைத்துக் கிண்டல் செய்கிறார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லைடா. பதினொன்றாம் வகுப்பில் நீ செங்கல் கோல்போஸ்ட்டுக்கு நடுவே நின்று ஏழு கோல் வாங்கினாய். எட்டாவதற்கும் முழங்கை தேயப் பாய்ந்தாய். அன்றைக்கு உன்னைத் திட்டியவர்களில் நானும் ஒருவன்.

தோற்றாலும் இந்த கேமில் ஆட்டக்காரர்களின் லெவல் ஏறும். தோஹோவிடம் மூன்று தடவை தோற்றேன். நான்காவது தடவை டைகர் ஷாட் வந்தபோது, பிடிக்க வேண்டாம், பஞ்ச் பண்ணு என்று தேர்ந்தெடுத்தேன். மொரிசாகி குத்திவிட்டான், பந்து வெளியே! நான் போட்ட கூச்சலில் பாப்பா எழுந்துவிட்டாள். அப்புறம் உன் தங்கச்சியிடம் வாங்கிய திட்டை எழுத இந்தக் காகிதம் போதாது.

டிசம்பரில் ஊருக்கு வருகிறேன். பெட்டியையும் தூக்கிக்கொண்டு வருவேன். உங்கள் வீட்டுப் பழைய குண்டு டிவி இன்னும் இருக்கிறதா? இருந்தால் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிடாதே.

அன்புடன்,
முரளி